200 மணி நேரம் பறந்த அனுபவத்தோடு சிறிய சரக்கு விமான நிறுவனத்தில் பாண்ட் எழுதிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் அவர்கள் உங்களுக்கு அனுப்பியிருக்கும் பத்திரத்தில் அப்படியே கையெழுத்துப் போட வேண்டாம்.

மற்றவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிவிடுகிறேன். கேட்ட தம்பி தொண்டிக்காரர். சிபிஎல் (வணிக விமானி லைசென்ஸ்) வாங்கி ஓராண்டுக்கு மேல் ஆகிறது, பறந்த நேரத்தைப் பதியும் லாக்புக்கில் 200 மணி நேரத்தைச் சற்றே தாண்டியிருக்கிறார், வேலை கிடைக்கவில்லை. ஏடிஆர் 72 சரக்கு விமானங்கள் இரண்டு வைத்திருக்கும் ஒரு சிறிய நிறுவனம், பயிற்சி கொடுத்துத் துணை விமானியாக எடுத்துக்கொள்கிறோம் என்கிறது. பதிலுக்கு மூன்று ஆண்டு பாண்ட். இடையில் விலகினால் 20 லட்சம் ரூபாய். பிணையாகக் கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுக் காசோலைகள். “வீட்டுப் பத்திரம் வங்கியில் இருப்பது போதாதா, இன்னொரு பத்திரம் எதற்கு?” என்று அவருடைய அத்தா கேட்கிறாராம்.

அத்தாவின் கேள்வி நியாயமானது. ஆனால் சும்மா காத்திருப்பதற்கும் செலவு உண்டு. 2023-இல் மட்டும், விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ 1,622 சிபிஎல் லைசென்ஸ் வழங்கியது. அவர்களில் பெரும்பாலோர் கையிலும் இதே 200 மணி நேரம்தான். பெரிய நிறுவனங்களுக்கு, ஆட்களைத் தாங்களே தேர்ந்து பயிற்றுவிக்கும் சொந்தக் கேடட் திட்டங்கள் இருக்கின்றன. அந்த வரிசையில் இல்லாதவர் வெளியில் நின்றபடி இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை (கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான தகுதி) ஆண்டுதோறும் கைக்காசில் புதுப்பிக்க வேண்டும், மருத்துவச் சான்றைக் காலாவதியாக விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நேர்காணலில் முதலில் புரட்டுவது லாக்புக்கின் கடைசிப் பக்கத்தைத்தான். அங்கே இருக்கும் தேதி பழையதாக ஆக, உங்கள் மதிப்பு இறங்கிக்கொண்டே போகும்.

நான் பாம்பன்காரன். இப்போது ஜெட் சரக்கு விமானத்தில் கேப்டன். முதல் வேலை கிழக்கு ஆப்பிரிக்காவில், செஸ்னா கேரவன் என்ற ஒற்றை எஞ்சின் சிறு விமானத்தில் சரக்கு ஏற்றிப் போவது. பாண்ட் எழுதிக் கொடுத்துத்தான் போனேன். மருந்துப் பெட்டி, பம்பு உதிரிப் பாகம், மிரா என்ற, மென்று சுவைக்கும் போதை இலை மூட்டை என்று எது வந்தாலும் எடை பார்த்து, எங்கே அடுக்க வேண்டும் என்று கணக்கிட்டு, வலையைக் கட்டி, மண் ஓடுபாதையில் கொண்டுபோய் இறக்குவோம். விமானத்தைக் கையாள அங்கே கற்றதைப் பெரிய விமானத்தின் வலது இருக்கையில், அதாவது துணை விமானியின் இடத்தில், கற்றிருக்க முடியாது. அதனால் “சரக்கா, வேண்டாம்” என்று மூக்கைச் சுளிப்பவர்களோடு எனக்கு ஒட்டாது.

பாண்ட் நம் கடற்கரைக்குப் புதிதும் இல்லை. விசைப்படகில் ஏறும் தொழிலாளி சம்மாட்டியிடம், அதாவது படகு உரிமையாளரிடம், முன்பணம் வாங்குகிறார். அது தீரும் வரை வேறு படகுக்குப் போக முடியாது. போக வேண்டுமென்றால் புதிய சம்மாட்டி பழைய பாக்கியைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகு கரையில் கிடக்கும்போது வீட்டுச் செலவுக்கு மேலும் வாங்கிக் கடன் ஏறும். இந்த ஏற்பாட்டை நான் புகழவில்லை. அதில் முடங்கிப்போன குடும்பங்களை எனக்குத் தெரியும். என் மாமாவே சம்மாட்டிதான். இருந்தாலும் எவ்வளவு வாங்கினோம் என்பதில் அங்கே குழப்பம் கிடையாது. எண்ணிக் கொடுத்த பணம், எண்ணி வாங்கிய பணம். விமானியின் பாண்டில் உங்கள் கைக்கு ஒரு ரூபாயும் வருவதில்லை. “உனக்காக 20 லட்சம் செலவழித்தோம்” என்று நிறுவனம் சொல்கிறது, அதையே உங்கள் கடனாகவும் எழுதிக்கொள்கிறது.

எனவே முதலில் கேட்க வேண்டியது அந்த 20 லட்சத்துக்கான கணக்கு. பயிற்சி என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு விதமான செலவை ஒளித்துவைப்பார்கள். ஏடிஆர் டைப் ரேட்டிங்குக்கான (அந்த ரக விமானத்தை ஓட்டும் தகுதி) வகுப்பு, சிமுலேட்டர், தேர்வு ஆகியவை ஒரு வகை. இது உங்கள் லைசென்ஸில் ஏறும். நாளையே அந்த நிறுவனத்தை மூடிவிட்டாலும் உங்களோடு வரும். இண்டிகோவும் அலையன்ஸ் ஏரும் ஏடிஆர் ஓட்டுகின்றன, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு இண்டிகோ பல ஆண்டு விட்டதும் ஏடிஆர்தான். சரக்கில் ஓடுபவை பெரும்பாலும் பழைய ரகங்கள்; புதிய 600 வரிசைக்கு மாறும்போது கூடுதலாக ஒரு வேறுபாட்டுப் பயிற்சி தேவைப்படும், அவ்வளவுதான். மற்றொரு வகை, நிறுவனத்தின் சொந்த நடைமுறைகள், ஆபத்தான சரக்குகள் பற்றிய வகுப்பு, பாதுகாப்பு வகுப்பு, லைன் டிரெயினிங் (வழக்கமான சேவையில் பயிற்றுநரோடு பறந்து கற்பது). அடுத்த நிறுவனத்தில் இவற்றைப் பெரும்பாலும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும். லைன் டிரெயினிங் நடக்கும் விமானத்தில் சரக்கும் இருக்கிறது, அதற்கு வாடகையும் வருகிறது. நீங்கள் ஏறாவிட்டாலும் அது புறப்பட்டிருக்கும். அந்த மணி நேரங்களுக்கும் விலை போட்டு உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். சிமுலேட்டர் மையம் நிறுவனத்துக்குக் கொடுத்த பில்லின் நகலைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

இதைத் தொட்டே லாக்புக் பிரச்சினையும் வருகிறது. அமெரிக்காவில் 2009-இல் பஃபலோ அருகே நடந்த கோல்கன் ஏர் விமான விபத்துக்குப் பிறகு சட்டம் மாறியது. 2013 முதல், பெரிய விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேரவே பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். அங்கே சிறிய சரக்கு நிறுவனங்கள் இளைஞர்களுக்கு ஏணியாக இருப்பது அதனால்தான். ஆனால் கேரவன் 12,500 பவுண்டு எடைக்குக் கீழே வருவதால் அந்த நாட்டில் அதற்கு டைப் ரேட்டிங்கே கிடையாது. பாண்ட் முடிந்து வெளியே வருபவரின் லைசென்ஸில் புதிதாக எதுவும் ஏறியிருக்காது, மணி நேரம் மட்டுமே மிச்சம். அந்த மணி நேரத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே விமானி போதும் என்று சான்றளிக்கப்பட்ட விமானத்தின் வலது இருக்கையில் உட்கார்ந்த நேரத்தை, அதற்கென விதியோ அங்கீகரிக்கப்பட்ட திட்டமோ இல்லாமல் கணக்கில் சேர்க்க முடியாது. கேரவனின் வலது இருக்கையில் நான் கழித்த ஆரம்ப மாதங்களை, பின்னாளில் என்னை நேர்காணல் செய்தவர் பென்சிலால் கோடு போட்டுக் கழித்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்கினார். ஏடிஆருக்கு இரண்டு விமானிகள் கட்டாயம் என்பதால் உங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இந்த வாய்ப்பை நான் மதிப்பதற்குப் பெரிய காரணமே இதுதான்.

அடுத்தது, மூன்று ஆண்டு என்பதை எந்த நாளிலிருந்து எண்ணுவார்கள் என்பது. சேர்ந்த நாளா, டைப் ரேட்டிங் லைசென்ஸில் ஏறிய நாளா, லைன் டிரெயினிங் முடித்து ரிலீஸ் ஆன, அதாவது பயிற்றுநர் இல்லாமல் வழக்கமான பணியில் பறக்க அனுமதி கிடைத்த நாளா? பத்திரத்தில் பெரும்பாலும் கடைசியாகச் சொன்னதுதான் இருக்கும். சிமுலேட்டரில் இடம் கிடைக்க வேண்டும், பயிற்றுநர் கேப்டனுக்கு நேரம் ஒழிய வேண்டும், விமானம் ஓட்டத்தில் இருக்க வேண்டும். இரண்டே விமானம் உள்ள இடத்தில் ஒன்று பெரிய பராமரிப்புக்குப் போனால் பாதிக் கம்பெனி ஹேங்கருக்குள் போய்விட்டது என்று பொருள். கேரவனின் எஞ்சினை வழக்கமாக 3,600 மணி நேரத்துக்கு ஒருமுறை ஓவர்ஹாலுக்கு (பிரித்துச் செய்யும் முழுச் சீரமைப்பு) அனுப்ப வேண்டும். எங்கள் நிறுவனத்தில் அப்படி ஒரு எஞ்சின் போனது, அதற்குக் கட்ட வேண்டிய பணம் தாமதமானது, எஞ்சின் திரும்பவில்லை. மிச்சமிருந்த விமானத்தில் பழையவர்கள் பறந்தார்கள். என்னோடு சேர்ந்த நண்பர் ரிலீஸ் ஆகாமல் அறையிலேயே இருந்தார். சம்பளம் பறந்த மணி நேரத்துக்குத்தான் என்பதால் அவருக்குச் சாப்பாட்டுக் காசு மட்டும் வந்தது. அவருடைய பாண்ட் கணக்கு அதுவரை தொடங்கவே இல்லை. வேறு வேலைக்குப் போகலாம் என்றால் முழுத் தொகையையும் கட்ட வேண்டும்.

நீங்கள் கேட்க வேண்டியது இது. டைப் ரேட்டிங் லைசென்ஸில் ஏறிய நாளிலிருந்து கணக்கு ஓட வேண்டும். விமானம் நின்றாலும் ஓட வேண்டும். பறந்தாலும் பறக்காவிட்டாலும் ஒரு குறைந்தபட்ச மாதச் சம்பளம் வேண்டும். தொகை மாதாமாதம் குறைய வேண்டும். 20 லட்சத்தை 36 மாதத்துக்கு வகுத்தால் மாதம் சுமார் 55,500 ரூபாய். 35-ஆம் மாதம் விலகினாலும் முழு 20 லட்சம் என்று எழுதியிருந்தால், அந்தத் தொகைக்கும் பயிற்சிச் செலவுக்கும் சம்பந்தம் இல்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம்.

பிறகு, நிறுவனம் உங்களைக் கைவிட்டால்? சரக்கு விமானத் தொழிலில் இது கற்பனை இல்லை. கேப்டன் கோபிநாத் 2009-இல் நாக்பூரை மையமாக வைத்துப் பெரிய திட்டத்தோடு தொடங்கிய டெக்கான் 360 சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. பயணிகள் பக்கம் கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் பறப்பதை நிறுத்தியதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சிறிய சரக்கு நிறுவனம் பல நேரம் ஒரே ஒரு கூரியர் அல்லது இணைய விற்பனை ஒப்பந்தத்தை நம்பி நிற்கும்; அது போனால் எல்லாம் போயிற்று. சம்பளம் இரண்டு மாதம் தவறினாலோ, பறப்பதற்கான அனுமதி ரத்தானாலோ, குத்தகைக்குக் கொடுத்தவர் விமானத்தைத் திரும்ப எடுத்தாலோ, உங்களை அவர்களே வேலையிலிருந்து நீக்கினாலோ, உங்கள் முதல் வகுப்பு மருத்துவச் சான்று போனாலோ பாண்ட் தானாக முடிந்துவிடும் என்று ஒரு பத்தி இருக்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், இந்தப் பத்திரம் உங்களை மூன்று ஆண்டு கட்டுகிறது. அவர்களை ஒரு மணி நேரத்துக்குக்கூடக் கட்டவில்லை. என் எதிர்ப்பு முழுவதும் அதற்குத்தான்.

வெற்றுக் காசோலையைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. கொடுக்காதீர்கள். தொகையும் தேதியும் அவர்கள் நிரப்பி வங்கியில் போட்டுத் திரும்பிவந்தால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். சாதாரண ஒப்பந்தத் தகராறு அந்த ஒரு தாளால் குற்றவியல் வழக்காகிவிடும். அசல் சான்றிதழ்களைக் கேட்டாலும் இதே பதில்தான்.

“இந்த பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது, போட்டுவிட்டு ஓடிவிடலாம்” என்று சொல்லும் சீனியர்கள் எல்லா ஃபிளையிங் கிளப்பிலும் உண்டு. தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிற, இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவை மனதில் வைத்து அவர்கள் பேசுகிறார்கள். ஆனால் 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுக்குள் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையைச் செல்லும் என்றது. வேலையில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாடு, தொழில் செய்வதையே தடுப்பதாகாது என்பது அதன் சாரம். ஆகவே இருந்து முடிக்கும் எண்ணம் இல்லையென்றால் கையெழுத்தே வேண்டாம். அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவு உங்கள் பக்கம் நிற்கிறது: ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான், நீதிமன்றம் அதற்கு உட்பட்டு நியாயமான இழப்பீட்டை மட்டுமே தரும். பயிற்சிச் செலவுக் கணக்கை இப்போதே எழுத்தில் வாங்கிவைக்கச் சொல்வது அதற்காகவும்தான். இன்னொன்று, டிஜிசிஏ 2017-இல் கொண்டுவந்த விதிப்படி துணை விமானி விலகுவதற்கு ஆறு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த ஆறு மாதம் மூன்று ஆண்டுக்குள் அடங்குமா, மேலே கூடுமா என்று கேளுங்கள்.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறு. சரக்கு விமானம் பெரும்பாலும் இரவில் ஓடும். இரவு 2 மணி முதல் காலை 6 மணி வரை உடம்பு மிகவும் தளர்ந்திருக்கும் நேரம். ஐப்பசி, கார்த்திகையில் சென்னை மேல் மழை மேகம் குவிந்து நிற்கும்போது, “கேப்டன், இன்னொரு சுற்று வேண்டாம், மாற்று விமான நிலையத்துக்குப் போய்விடலாம்” என்று சொல்ல வேண்டியவர் துணை விமானி. 20 லட்சம் கடனும் வங்கியில் வீட்டுப் பத்திரமும் உள்ளவருக்கு அந்த வாக்கியம் தொண்டையிலேயே நின்றுவிடக்கூடும். எனக்கு நின்றதில்லை. ஆனால் என் முதல் கேப்டன், “முடியாது என்று சொல்” என்பதை இறங்கும் முறைகளோடு சேர்த்தே சொல்லிக்கொடுத்தவர். எல்லாருக்கும் அப்படி ஒருவர் அமைவதில்லை. அங்கே இப்போது வேலை செய்யும் துணை விமானிகளிடம், களைப்பு என்றோ வானிலை என்றோ சொல்லிப் பறக்க மறுத்தவருக்கு அடுத்த மாதம் என்ன நடந்தது என்று விசாரியுங்கள். நேராகப் பதில் வராவிட்டால், நான் மேலே சொன்ன பத்திகள் எல்லாவற்றையும் அவர்கள் ஏற்றுக்கொண்டாலும் போகாதீர்கள்.

இந்த வாரமே மின்னஞ்சல் அனுப்புங்கள்: செலவுக் கணக்கு, பாண்ட் காலம் தொடங்கும் நாள், மாதாமாதம் குறைப்பு, குறைந்தபட்ச சம்பளம், நிறுவனம் தவறினால் விடுதலை, காசோலை கிடையாது. கணக்கும் சம்பளமும் பேரத்துக்கு உரியவை, சற்று விட்டுக்கொடுக்கலாம். விடுதலைப் பத்தியிலும் காசோலையிலும் விட்டுக்கொடுக்க வேண்டாம். திருத்திய பத்திரம் வந்தால் மதுரையில் தொழிலாளர் வழக்குப் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் அத்தாவையும் அழைத்துப் போய்க் காட்டுங்கள். அவருடைய கட்டணம் பாண்ட் தொகைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. “இங்கே எல்லாரும் இதே பத்திரத்தில்தான் கையெழுத்துப் போட்டார்கள்” என்று நிறுவனம் பதில் எழுதினால், அந்த எல்லாரில் பாண்ட் முடித்து வெளியே போன இரண்டு பேரின் தொலைபேசி எண்ணைக் கேளுங்கள்.