மலிவான வழியை முதலில் நிரப்பலாமா?

கேள்வி: ஐயா, வாஷி சந்தையில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். நவசேவா துறைமுகத்தில் இறங்கிய துவரை, கலம்போலிக் கிடங்கிலும் பிவண்டிக் கிடங்கிலும் தலா 100 டன் இருக்கிறது. புனேக்கும் கோலாப்பூருக்கும் தலா 100 டன் அனுப்ப வேண்டும். கலம்போலியிலிருந்து லாரி வாடகை டன்னுக்குப் புனே 600 ரூபாய், கோலாப்பூர் 1,200 ரூபாய். பிவண்டியிலிருந்து முறையே 750, 1,500. வாடகை மிகக் குறைந்த கலம்போலி–புனே வழியை முதலில் நிரப்புவது எங்கள் வழக்கம். அது சரிதானா?
— ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: சரியன்று, சகோதரி. உங்கள் வழக்கப்படி அனுப்பினால் மொத்த வாடகை 2,10,000 ரூபாய். கலம்போலிச் சரக்கைக் கோலாப்பூருக்கும் பிவண்டிச் சரக்கைப் புனேக்கும் மாற்றி அனுப்பினால் 1,95,000 ரூபாய்தான். புனேக்கு அனுப்புகையில் பிவண்டியைவிடக் கலம்போலி டன்னுக்கு 150 ரூபாயே மலிவு. கோலாப்பூருக்கோ 300 ரூபாய் மலிவு. ஆகவே கலம்போலிச் சரக்கை, அது அதிகம் மிச்சப்படுத்தும் ஊருக்கே ஒதுக்க வேண்டும். வாடகையை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு இந்த வித்தியாசம் தென்படுவதில்லை. நல்ல அனுபவசாலிகளும் இங்கே தவறுகிறார்கள்.

அமெரிக்கரான ஃபிராங்க் ஹிட்ச்காக் 1941-இல் ஆராய்ந்து எழுதிய போக்குவரத்துக் கணக்கு இதுவேதான். கிடங்குகளும் ஊர்களும் பெருகினால் கையால் போட்டுப் பார்ப்பது கடினம். எக்செல்லில் உள்ள சால்வர் கருவி நொடியில் விடை தரும்.

ஆனால் எக்செல் கட்டங்களில் லாரி வாடகையை மட்டும் எழுதினால் போதாது. இரு கிடங்குகளிலும் ஏற்றுக்கூலி வேறுபட்டால் அதையும், சரக்கு இன்னும் துறைமுகத்திலேயே இருந்தால் அங்கிருந்து கிடங்குக்கு வரும் வாடகையையும் இறக்குக்கூலியையும் டன் கணக்கில் சேர்த்த பிறகே ஒப்பிட வேண்டும்.

இதைவிடப் பெரிய கசிவு கன்டெய்னரில் இருக்கிறது. கன்டெய்னரைக் கட்டணமின்றி வைத்திருக்கத் தரும் இலவச நாட்கள் முடிந்ததும், அது நிற்கும் இடத்துக்கான வாடகை ஒருபுறமும், கன்டெய்னரைத் திருப்பித் தரத் தாமதித்ததற்காகக் கப்பல் நிறுவனம் வசூலிக்கும் கட்டணம் மறுபுறமும் தனித்தனியே நாள்தோறும் ஏறும். பருப்பு வகைகளுக்குத் தாவரத் தொற்றுத்தடுப்புச் சோதனையும் உண்டு என்பதால், ஆவணங்களைக் கப்பல் வருமுன்பே தயார் செய்யுங்கள். தகுதியுள்ள இறக்குமதியாளர்களுக்கு நவசேவாவில், துறைமுகத்திலிருந்தே சரக்கை எடுத்துச் செல்லும் நேரடித் துறைமுக விநியோகத் திட்டம் இருக்கிறது. வெளியிலுள்ள கன்டெய்னர் நிலையத்துக்குப் போய்வரும் செலவு அதில் மிச்சமாகும். உங்கள் முதலாளிக்கு அந்தத் தகுதி உண்டா என்று சுங்க முகவரிடம் இந்த வாரமே கேளுங்கள்.