“ஏதாவது கேட்கணுமா?” என்றால் கேட்டுவிட வேண்டும்

போன ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. அப்பா, அம்மா, டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த பெண், கூடவே பெங்களூரில் வேலை பார்க்கும் தாய்மாமன். ஓசூரில் ஒரு கம்பெனியில் பெண்ணுக்கு அப்ரெண்டிஸ் இண்டர்வியூ, வியாழக்கிழமை. அம்மாவுக்குப் பயம். “கடைசியில ஏதாவது கேட்கணுமான்னு கேப்பாங்களாம் சார். ஒண்ணும் இல்லைன்னு பணிவா சொல்லிட்டு வந்துடுன்னு சொல்லியிருக்கேன். எதிர்க்கேள்வி கேட்டா திமிர் பிடிச்சவன்னு நினைச்சுக்குவாங்க.”

தாய்மாமனுக்கு இண்டர்வியூவே பிடிக்கவில்லை. எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் கோர்ஸ், ஆறு மாதம், 1,20,000 ரூபாய், வேலைக்கு அவர்களே கேரண்டி என்று ஒரு நோட்டீஸை நீட்டினார். பொம்பளைப் பிள்ளை ஏன் ஆயில் கையோடு நிற்க வேண்டும் என்பது அவர் வாதம்.

பத்து நிமிஷம் ஆறுதலாகத்தான் பேசினேன். அந்த 1,20,000 எங்கிருந்து வருகிறது என்று அப்பாவைக் கேட்டேன். மாந்தோப்புக் குத்தகைப் பணமாம், மீதிக்கு நகை. அதற்கு மேல் ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அம்மா, சம்பளம் கொடுக்கப் போகிற கம்பெனியிடம் கேள்வி கேட்டால் திமிர் என்கிறீர்கள், உங்கள் பணத்தை வாங்கப் போகிறவனிடம் ஒரு கேள்விகூட கேட்காமல் நகையை வைக்கத் தயாராக இருக்கிறீர்களே, இது என்ன நியாயம் என்றேன். போன பேட்ச்சில் படித்து வேலைக்குப் போன இரண்டு பேருடைய நம்பர் வாங்கித் தாருங்கள் என்று தாய்மாமனிடம் சொன்னேன். அங்கேயே போன் போட்டார். பேசினார், வைத்தார். “நேர்ல ஆபீஸுக்கு வாங்கங்கறாங்க.” சரி. வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இவ்வளவுக்கும் நடுவில் பெண்ணை யாருமே கேட்கவில்லை. உனக்கு என்னம்மா பிடிக்கும் என்றேன். கொஞ்ச நேரம் அப்பாவைப் பார்த்துவிட்டு, “அளக்கிறது சார்” என்றாள். நுண்ணிய அளவு எடுக்கிற மைக்ரோமீட்டரில், ராட்செட் என்கிற திருகு முனை டிக் டிக்கென்று மூன்று தடவை சத்தம் போட்டதும் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் இறுக்கினால் அளவு பொய் சொல்லும் என்று கையாலேயே திருகிக் காட்டினாள். இந்தக் கையை எதற்காக டெஸ்டிங் கோர்ஸுக்கு அனுப்ப வேண்டும்?

அப்ரெண்டிஸ் என்றாலே நம் சொந்தக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள், எடுபிடி வேலை என்று நினைப்பு. 1961-ல் வந்த அப்ரெண்டிஸ் சட்டத்தின் கீழ் நடக்கிற பயிற்சி அது. டிப்ளமோ முடித்தவர்களுக்கு ஒரு வருஷம். மத்திய அரசின் ‘நாட்ஸ்’ (தேசியத் தொழிற்பயிற்சித் திட்டம்) போர்ட்டலில் ஒப்பந்தம் பதிவாக வேண்டும். நம் பக்கத்துக்குப் பொறுப்பு சென்னை தரமணியில் இருக்கிற தென்மண்டலத் தொழிற்பயிற்சி வாரியம், முடித்ததும் சான்றிதழும் அங்கிருந்துதான். 2019 திருத்தம் டிப்ளமோவுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாக வைத்தது மாதம் 8,000. அந்தக் குறைந்தபட்சத்தில் பாதியை அரசு கொடுக்கிறது. நீங்கள் பணம் கட்டிக் கற்றுக்கொள்வதற்கும், மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு கற்றுக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

ஓட்டையும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். அப்ரெண்டிஸுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது. வருஷம் முடிந்ததும் வேலைக்கு எடுத்தே ஆக வேண்டும் என்று கம்பெனிக்குக் கட்டாயமும் கிடையாது, ஒப்பந்தத்திலேயே அப்படி எழுதியிருந்தால் ஒழிய. அதனால்தான் கேள்வி கேள் என்கிறேன்.

முதல் கேள்வி இது: “என் ஒப்பந்தம் நாட்ஸில் பதிவாகுமா சார், இல்லை கான்ட்ராக்டர் மூலமா?” டிரெய்னி என்று பெயர் வைத்து கான்ட்ராக்டர் ரோலில், அதாவது அவருடைய ஆள் பட்டியலில், சேர்த்து உற்பத்தி லைனில் நிறுத்தி, வருஷம் முடிந்ததும் சான்றிதழும் இல்லாமல் அனுப்பிவிடும் இடங்களும் உண்டு. அடுத்தது, போன வருஷத்து அப்ரெண்டிஸ்களில் எத்தனை பேர் இப்போது கம்பெனி ரோலில் இருக்கிறார்கள். இதற்கு எண் சொல்லாமல் “நல்லா பண்ணா எடுத்துக்குவோம்” என்று மழுப்பினால், அந்த மழுப்பலே பதில்தான். எந்தப் பிரிவில் போடுவார்கள், குவாலிட்டியில் இடம் உண்டா, வருஷம் முழுக்க ஒரே மெஷினா இல்லை மாற்றி மாற்றி அனுப்புவார்களா, கூட நின்று சொல்லித் தருவது யார்? இந்தப் பெண் சி.எம்.எம். ரூம் (பாகங்களைத் துல்லியமாக அளக்கும் மெஷின் இருக்கிற அறை) இருக்கிறதா என்று கேட்டால், எதிரில் உட்கார்ந்திருக்கும் இன்ஜினியர் நிமிர்ந்து பார்ப்பார். திமிர் என்று அவர் நினைக்க மாட்டார், விஷயம் தெரிந்த பிள்ளை என்றுதான் நினைப்பார்.

கிருஷ்ணகிரியிலிருந்தே ஓசூர் சுமார் ஐம்பது கிலோமீட்டர். கம்பெனி பஸ் எங்கிருந்து புறப்படும், ஹாஸ்டல் உண்டா, ஷிஃப்ட் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் வீட்டில் உட்கார்ந்து கவலைப்படுகிற விஷயம் இல்லை, அங்கே கேட்க வேண்டியது. பணத்தைப் பற்றிக் கடைசியில் கேட்கலாம், ஆனால் கேட்க வேண்டும்: கேன்டீன், பஸ் பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வரும்?

பாண்டு, அதாவது நடுவில் விலகினால் பணம் கட்டுகிறேன் என்ற பத்திரம், எதுவும் கையெழுத்துப் போட வேண்டுமா என்பதையும் கேட்காமல் விட்டுவிடாதே. அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது என்று ஊரில் சொல்வார்கள், நம்பாதே. ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருஷத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எல்லா பாண்டும் அப்படி நிற்கும் என்று அர்த்தமில்லை. ஆனாலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே, ஒருநாள் டைம் கேள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது.

அங்கேயே ஒரு ஒத்திகை பார்த்தோம். “ஏதாவது கேட்கணுமா?” என்றேன். அம்மாவைப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் இல்லை சார்” என்றாள். இரண்டாம் தடவையும் அதே. மூன்றாவது தடவை அம்மாவையே எழுந்து வெளியில் டீ வாங்கப் போகச் சொன்னேன். அப்புறம் நான்கு கேள்வி கேட்டாள்.

அந்த நான்கையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி ஃபைலில் வைத்துக்கொள், அதைப் பார்த்துக் கேட்டாலும் தப்பில்லை. ஜெராக்ஸ் இரண்டு செட். அப்பாவுக்கு ஒன்று: வியாழக்கிழமை முடிகிற வரைக்கும் அந்த நோட்டீஸ்காரருக்கு அட்வான்ஸ் என்று ஐந்நூறு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.