எப்போது மீண்டும் ஸ்குவாட்? முழங்கால் கேள்விகளுக்கு இயன்மருத்துவரின் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை முழங்காலைப் பற்றியவை. அவற்றை எழுதியவர்களில் பலர் ஜிம்மில் பாரம் தூக்குபவர்கள். வயதையும் காயம் நேர்ந்த விதத்தையும் குறிப்பிடாதவர்களுக்குப் பொதுவான பதிலையே தர முடியும்.

ஸ்குவாட் (குந்தி எழும் பயிற்சி) செய்யும்போது இரு முழங்கால்களிலும் ‘கடக் கடக்’ என்று சத்தம் கேட்கிறது. வலியோ வீக்கமோ இல்லை. பயிற்சியை நிறுத்த வேண்டுமா? (ஏறாவூர், வயது 24)

வேண்டாம். வலியில்லாத சத்தத்துக்கு வைத்தியம் தேவையில்லை.

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் உட்பக்கப் பிறைச்சவ்வு (முழங்கால் மூட்டின் என்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் பிறை வடிவச் சவ்வு) கிழிந்துள்ளதாக எழுதியிருக்கிறது. அடிபட்ட ஞாபகம் இல்லை. படி இறங்கும்போது வலிக்கும், கால் மாட்டிக்கொள்வதில்லை. சிறு துளை வழியே மூட்டுக்குள் கமரா விட்டுச் சுத்தம் செய்யலாம் என்கிறார்கள். செய்யலாமா? (களுவாஞ்சிக்குடி, வயது 51)

அவசரப்படாதீர்கள். ஐம்பதைக் கடந்தவர்களின் முழங்கால்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2008இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பிறைச்சவ்வில் சேதம் காணப்பட்டது. கிழிவு இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அண்மையில் முழங்கால் வலியே இருந்திருக்கவில்லை. ஆகவே, அறிக்கையில் உள்ள கிழிவுதான் உங்கள் வலிக்குக் காரணம் என்று முடிவு கட்ட முடியாது. 2013இல் பின்லாந்து மருத்துவர்கள், தேய்வினால் கிழிந்த சவ்வை வெட்டிச் சீராக்கியவர்களையும், கமராவால் பார்த்துவிட்டுச் சவ்வைத் தொடாமலே விட்டவர்களையும் ஓராண்டின் பின் ஒப்பிட்டபோது, இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவுக்கே குணமடைந்திருந்தனர்.

மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்துவிட்டு முடிவெடுங்கள். லெக் பிரஸ் (காலால் பாரத்தைத் தள்ளும் இயந்திரம்), கதிரையின் உயரம் வரை ஸ்குவாட், தாழ்ந்த படியில் ஏறி இறங்குதல் ஆகியவை போதும். செய்யும்போது சிறிதளவு வலி இருக்கலாம். மறுநாள் காலையில் முழங்கால் வீங்கியிருந்தால் முந்தைய நாளின் பாரம் அதிகம் என்று கொள்ளுங்கள்.

முழங்காலில் ஆபரேஷன் செய்து இரண்டு மாதமாகிறது. எப்போது 100 கிலோ ஸ்குவாட்டுக்குத் திரும்பலாம்? (கல்லடி)

என்ன ஆபரேஷன்? எத்தனை கிலோ என்பதை எழுத மறக்காதவருக்கு, முழங்காலுக்குள் என்ன செய்தார்கள் என்பதை எழுதத் தோன்றவில்லை. இந்தப் பகுதிக்கு மாதம் தவறாமல் இப்படியொரு கடிதம் வருகிறது. வைத்தியசாலையிலிருந்து வரும்போது கையில் தந்த டயக்னோசிஸ் கார்ட்டில் சத்திரசிகிச்சையின் பெயர் ஒரு வரியில் எழுதப்பட்டிருக்கும். அது விளங்காவிட்டால் அடுத்த கிளினிக்கில் கேளுங்கள், “வெட்டினீர்களா, தைத்தீர்களா, துளையிட்டீர்களா?” என்ற கேள்வியே போதும்.

கிழிந்த சவ்வின் ஓரத்தை வெட்டி அகற்றியிருந்தால், சில நாட்களிலேயே ஊன்றி நடக்கலாம். ஆறு கிழமை அளவில் குறைந்த பாரத்துடன் ஸ்குவாட் தண்டைத் தோளில் வைக்கலாம். தைத்திருந்தால் கதை வேறு. சவ்வின் வெளி விளிம்புக்கு மட்டுமே போதிய இரத்த ஓட்டம் உண்டு என்பதால், தையல் பிடிப்பதற்குக் காலம் எடுக்கும். முதல் நான்கு முதல் ஆறு கிழமை பட்டியும் ஊன்றுகோலும், நான்கு மாதம் வரை பாரத்துடன் 90 பாகைக்குக் கீழே இறங்காமையும், முழுப் பாரத்துக்கு ஆறு மாதமும் என்று பொதுவாகக் கொள்ளலாம். என்பின் மேல் படிந்திருக்கும் கசியிழையம் சேதமுற்று, அவ்விடத்தில் என்பில் நுண்துளைகள் இட்டிருந்தால், ஆறு முதல் எட்டுக் கிழமை அந்தக் காலில் முழு நிறையையும் ஊன்றவே விடமாட்டார்கள். பெரும் பாரத்தைப் பற்றி ஆறு மாதத்துக்கு முன் பேச வேண்டாம். உங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் வேறு கால அளவைச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஜிம்மில் பக்கத்தில் நிற்பவர், “எனக்கு ஆறே கிழமையில் சரியாகிவிட்டது” என்பார். அவருக்கு வெட்டியிருப்பார்கள், உங்களுக்குத் தைத்திருப்பார்கள். அவருடைய நாட்காட்டி உங்களுக்கு உதவாது.

கிழமைக் கணக்கு முடிந்தாலும் முழங்கால் தயாராக இருக்க வேண்டும். காலை நீட்டி அமர்ந்து, முழங்கால் சில்லின் உட்பக்கத்தை உள்ளங்கையால் கீழிருந்து மேலாக இரண்டு மூன்று முறை தடவுங்கள். பின்பு வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாகத் தடவுங்கள். உட்பக்கக் குழி மெல்லப் புடைத்து எழுந்தால் மூட்டுக்குள் இன்னும் நீர் இருக்கிறது. நீர் இருக்கும்வரை மூளை தொடையின் முன்தசையை முழுமையாக இயக்க விடாது. அந்நிலையில் எவ்வளவு பாரம் தூக்கினாலும் நல்ல கால்தான் உழைக்கும். சாதாரண கதிரையிலிருந்து ஒற்றைக் காலில் எத்தனை முறை எழ முடிகிறது என்று இரு கால்களையும் தனித்தனியே எண்ணுங்கள். நல்ல கால் பத்து முறை எழுந்தால், மற்றது ஒன்பது முறையாவது எழ வேண்டும். அதன் பின் 100 கிலோவைப் பற்றி எழுதுங்கள், ஆபரேஷனின் பெயருடன்.

பிறைச்சவ்வைத் தைத்து ஐந்து கிழமை ஆகிறது. தொழுகையில் காலை மடித்து அமரலாமா? (சம்மாந்துறை, வயது 33)

இப்போது கூடாது. சுஜூதுக்குச் (நெற்றியை நிலத்தில் வைப்பதற்குச்) செல்லும்போதும் இருப்பில் அமரும்போதும் முழங்கால் ஏறத்தாழ முழுமையாக மடிகிறது; அப்போது சவ்வின் பின்பகுதியே, அதாவது பெரும்பாலும் தையல் இட்ட இடமே, நசுங்குகிறது. கதிரையில் அமர்ந்து தொழும் முறையை உங்கள் பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டறியுங்கள். நோயாளிக்கு அதில் சலுகை உண்டு. குந்தியிருக்கும் மலசலகூடத்துக்கும் இதே தடைதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வீட்டில் கொமட் இல்லாவிட்டால், நடுவில் துளையுள்ள கதிரையொன்றைச் சில மாதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

லெக் எக்ஸ்டென்ஷன் இயந்திரம் முழங்காலைக் கெடுக்கும் என்று பயிற்றுநர் சொல்கிறார். உண்மையா? (மருதமுனை)

பாதி உண்மை. காலை முழுமையாக நீட்டும் கடைசிப் பகுதியில் சில்லின் பின்புறக் கசியிழையத்தில் அழுத்தம் கூடுகிறது. சில்லுக்குப் பின்னால் வலி உள்ளவர்கள் 90 பாகையிலிருந்து 45 வரை மட்டும் நீட்டினால், மெலிந்த தொடைத் தசையை வளர்க்க அதைவிட வசதியான இயந்திரம் குறைவு. ஸ்குவாட்டில் இது நேர்மாறு. ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும். மறுநாள் காலை வீக்கத்தைப் பார்க்க மறவாதீர்கள்.

குளுக்கோசமின் மாத்திரை கசியிழையத்தை வளர்க்குமா? (அக்கரைப்பற்று)

வளர்க்காது. 2006இல் வெளியான, ஏறத்தாழ 1,600 பேரைக் கொண்ட அமெரிக்க ஆய்வில், மொத்தத்தில் அது மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட வலியைக் குறைத்ததாகக்கூடத் தெரியவில்லை. அந்தக் காசுக்கு வாவி மீன் வாங்குங்கள்.

அடுத்த மாதம் பளுதூக்கல் போட்டி. முழங்காலுக்குள் ஸ்டீரொய்ட் ஊசி போட்டுக்கொண்டு பங்குபற்றலாமா? (மட்டக்களப்பு)

வலியை மறைத்துக்கொண்டு பாரம் தூக்குவதற்கு என்னிடம் அனுமதி கேட்காதீர்கள். மூட்டுத் தேய்வு உள்ளவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வீதம் இரண்டு ஆண்டுகள் இவ்வூசியைப் போட்டுப் பார்த்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், உப்புநீர் ஊசி பெற்றவர்களைவிட அவர்களுக்கே கசியிழையம் அதிகம் குறைந்திருந்தது.

எல்லே விளையாடும்போது மகளின் கால் முறுகியது. பத்து நாளாக முழங்காலை நீட்ட முடியவில்லை. பாதி மடிந்தபடியே நிற்கிறது. எண்ணெய் போட்டு இழுத்து நீவினால் சரியாகும் என்கிறார்கள். (திருக்கோவில், மகளின் வயது 19)

யாரையும் இழுக்க விடாதீர்கள். கிழிந்த சவ்வின் துண்டு புரண்டு மூட்டுக்குள் சிக்கியிருக்கலாம். அதனை வலிந்து நிமிர்த்தினால், தைத்துக் காப்பாற்றக்கூடிய சவ்வும் நைந்துபோகும். களுவாஞ்சிக்குடிக்காரருக்கு மூன்று மாதம் பொறுக்கச் சொன்னது இவருக்குப் பொருந்தாது. அருகிலுள்ள வைத்தியசாலையில் காட்டி, கடிதம் பெற்று, இந்தக் கிழமைக்குள்ளேயே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் என்பியல் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அதுவரை காலை ஊன்றாமல் ஊன்றுகோலுடன் நடக்கட்டும்.