ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.யா, தேவார வகுப்பா?

கேள்வி: என் கணவர் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. (கூடுதல் நேர வேலை) கொடுத்தாலும் போவதில்லை. பழைய ரப்பர் தோட்டத்துக் கோயிலில் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தேவாரம் சொல்லிக் கொடுக்கக் கிளம்பிவிடுகிறார். எங்கள் மலிவு விலை வீட்டில் மழை பெய்தால் அடுப்படி ஒழுகுகிறது. காரும் பழசு. பக்கத்து வீட்டில் முன்பக்கத்தை இழுத்துக் கட்டி, புதுக் காரும் வாங்கிவிட்டார்கள். கேட்டால், "இதெல்லாம் கூடவா வரப்போகிறது?" என்கிறார். நான் ஆசைப்படுவது தப்பா?
- பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: அன்புச் சகோதரி, ஒழுகாத அடுப்படி கேட்பது தப்பே இல்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடு தோட்டத்தின் சொத்து. வேலை போனால் வீடும் போகும். 1950-களின் பிற்பகுதியில் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கும் துண்டாடல் தொடங்கியபோது எத்தனையோ குடும்பங்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தன. உங்கள் ஊர்க்காரர், அன்று அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, ரப்பர் மரத்தில் பால் எடுத்த தொழிலாளர்களிடமே சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கியது அதனால்தான். சொந்தக் கூரை நம் ஆட்களுக்கு ஆடம்பரமாக இருந்ததே இல்லை.

உங்கள் கணவர் கற்றுத்தரும் தேவாரத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. குண்டையூரில் சுந்தரருக்கு நெல் மலையாகக் கிடைத்தது. சுமந்து போக ஆள் இல்லை. திருவாரூரில் பரவையார் வாடுகிறாரே என்று, ஆள் தரச் சொல்லித் திருக்கோளிலியில் இறைவனிடமே பதிகம் பாடிக் கேட்டார். வீட்டுக்காரிக்காக நெல் கேட்பது பக்திக்கு இழுக்கு என்று அவர் நினைக்கவில்லை. அந்தப் பதிகத்தை உங்களுக்கு ஒருமுறை பாடிக் காட்டச் சொல்லுங்கள்.

கார் விஷயத்தில் மட்டும் நான் உங்கள் பக்கம் இல்லை. ஓடுகிற கார் இருக்கிறது. புதுசு வாங்கினால், மாதத் தவணை குறைய வேண்டுமே என்று 9 ஆண்டுக் கடன் எடுப்பீர்கள். அந்தத் தவணைக்காக அவர் ஞாயிறுகளை எல்லாம் விட வேண்டியிருக்கும். கடன் தீரும்போது காரும் பழசாகியிருக்கும், இன்று அவரிடம் படிக்க வரும் பிள்ளைகளும் வளர்ந்து போயிருப்பார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, சனங்கள் தாமான் குடியிருப்புகளுக்குச் சிதறிவிட்டார்கள். இத்தனைக்குப் பிறகும் அந்தக் கோயிலில் பிள்ளைகள் கூடி உட்கார்ந்து பாடுகிறார்கள் என்றால், அதைச் சாதாரணமாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடிந்ததும் தமிழ் வாசிப்பதையே விட்டுவிடும் பிள்ளைகள் நம்மிடம் நிறையப் பேர். பதிகம் பாட வருகிற பிள்ளை விடாமல் வாசிக்கிறது. அந்த வகுப்பைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது ஒரே வரிதான். ஒரு ஞாயிறு நீங்களும் போய் உட்கார்ந்து கேளுங்கள், அம்மா.

அவரிடம் பேசும்போது பக்கத்து வீட்டை இழுக்காதீர்கள். கார் பேச்சும் இப்போது வேண்டாம். எடுத்தால் அந்தச் சண்டையில் கூரையும் அடிபட்டுப் போகும். கூரை மாற்ற என்ன ஆகும் என்று முதலில் விசாரித்துக்கொண்டு, அந்தத் தொகையை மட்டும் அவர் முன் வையுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு ஓ.டி. போகட்டும், அந்தப் பணம் முழுக்கக் கூரைக்கு. மற்ற ஞாயிறுகள் பிள்ளைகளுக்கு. படிக்க வரும் பிள்ளைகளின் தகப்பன்மாரில் கூரை வேலை தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். சுந்தரர் கேட்டதும் ஆள்தான். உங்கள் கணவரும் கூச்சப்படாமல் வாய்விட்டுக் கேட்கட்டும். அடைமழைக்கு முன்பே தகரத்தை வாங்கி வைத்துவிடுங்கள்.