படிக்க வருகிறது, பேச வரவில்லையே!

கேள்வி: செட்டிநாட்டுப் பழைய வீடு ஒன்றில் விருந்தினருக்குச் சுற்றிக் காட்டும் வேலை பார்க்கிறேன். பிரெஞ்சுக்காரர்கள் நிறைய வருகிறார்கள். பிரெஞ்சில் ஏ2 நிலை (தொடக்க நிலையின் இரண்டாம் படி) வரை படித்துவிட்டேன். ஆனால், ஆள் எதிரே நின்றால் வாயடைத்துப்போகிறது. இணையத்தில் கிடைத்த பிரெஞ்சுத் தோழியும் ஐந்து நிமிடத்தில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார். தனியாகப் பேசிப் பழகினால் பலன் உண்டா?
- வாசகி, கானாடுகாத்தான்

பதில்: உண்டு. உங்களுக்கு முதல் வேலையே அதுதான். நீங்கள் பேச வேண்டியது ஒரே ஒரு வீட்டைப் பற்றி. முகப்பு, வளவு (உள்முற்றப் பகுதி), இரண்டாம் கட்டு என்று நடக்கிற வரிசையிலேயே பேச்சும் போகட்டும்.

போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, காகிதம் இல்லாமல் வளவைப் பற்றி மட்டும் 4 நிமிடம் பேசுங்கள். திணறும் இடத்தில் நிற்காதீர்கள். அந்தச் சொல்லைத் தமிழில் சொல்லிவிட்டுக் கடந்துபோங்கள். பிறகு பதிவைக் கேட்டு, தமிழில் சொன்ன சொற்களுக்கு மட்டும் அகராதி பாருங்கள். அதே விஷயத்தை 3 நிமிடத்தில், அப்புறம் 2 நிமிடத்தில் சொல்லுங்கள். நேரம் சுருங்கச் சுருங்க, சொல் சொல்லாக மொழிபெயர்க்க அவகாசம் இருக்காது. வாக்கியம் கோவையாக வரத் தொடங்கும். முழுவதையும் எழுதி மனப்பாடம் மட்டும் செய்யாதீர்கள். நடுவில் யாராவது 'இது என்ன மரம்?' என்று கேட்டால், மறுபடி முதல் வரியிலிருந்துதான் ஆரம்பிக்க வரும். பர்மா தேக்கு, ஆத்தங்குடி டைல்ஸ், சுண்ணாம்புப் பூச்சு என நாலைந்து குறிப்புச் சொற்கள் போதும்.

உச்சரிப்பில் ஓர் இடத்தில் கவனம். 'மேலே' என்பதற்கும் 'கீழே' என்பதற்கும் உள்ள பிரெஞ்சுச் சொற்கள் இரண்டுமே நம் வாயில் 'ஓ தெஸு' என்றுதான் விழும். விட்டத்தைக் காட்டிக் 'கீழே பாருங்கள்' என்றால் எப்படி இருக்கும்! 'கீழே'வுக்கு முடிவில் நம் 'ஊ' போதும். 'மேலே'வுக்கு, 'ஈ' என்று சொல்லியபடியே, நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் குவியுங்கள். நாக்கு பின்னால் போனால் மறுபடி 'ஊ' ஆகிவிடும். பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளவும் வேண்டாம். ரொட்டியும் குளியலும் 'பேன்' என்று ஒன்றாகிவிடும்.

ஆண்டுகளையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். 1897-இல் வரும் 97 அவர்களுக்கு 'நான்கு இருபது, பதினேழு'. யோசித்துச் சொல்ல அங்கே நேரம் கிடைக்காது.

உடன் படிப்பவர் யாராவது இருந்தால், அவரை விருந்தாளியாக நடிக்கவைத்துக் குறுக்குக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். உச்சரிப்பை அவரிடம் கேட்காதீர்கள். உங்கள் தவறுதான் அவருக்கும் இருக்கும்.

உச்சரிப்புக்குத்தான் பிரெஞ்சுத் தோழி. அவர் ஆங்கிலத்துக்குத் தாவுவது பெரும்பாலும் உங்கள் மேல் இரக்கப்பட்டுத்தான். பேச்சைத் தொடங்கும்போதே கடிகாரம் வைத்துவிடுங்கள்: 20 நிமிடம் பிரெஞ்சு மட்டும், அடுத்த 20 நிமிடம் அவர் கற்க விரும்பும் மொழி. நடுவில் திருத்த வேண்டாம், முடிவில் மூன்று தவறுகளை மட்டும் சொன்னால் போதும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வரிக்கு வரி திருத்தினால் பேச்சே ஓடாது. 'வேறு மாதிரி சொல்கிறேன்', 'மெதுவாகச் சொல்லுங்கள்' என்ற இரண்டையும் பிரெஞ்சில் தயாராக வைத்திருந்தால், ஆங்கிலம் நுழைய இடம் குறையும். குளிர்காலத்தில் நம் இரவு 9.30 அவர்களுக்கு மாலை 5 மணி; உங்கள் வேலை முடிந்த பிறகே பேசலாம்.