ஓடைக்கரைக்கு ஒரு சனிக்கிழமை (கடிதம்)

அன்புள்ள ஐயா,

சேலத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். எங்களிடம் 140 பேர். ஊர் நலப் பணிக்காக ஆளுக்கு ஆண்டுக்கு இரண்டு சனிக்கிழமைகளைச் சம்பளத்தோடு நிர்வாகம் விட்டுக்கொடுக்கிறது. சென்ற ஆண்டு ஜூன் 5 அன்று எல்லோரும் பஸ்ஸில் போய், சேர்வராயன் மலை அடிவாரத்தில் ஓர் ஓடைக்கரையில் 500 கன்றுகள் நட்டோம். இந்த மார்ச்சில் போய்ப் பார்த்தால் முப்பதுகூடத் தேறவில்லை. இந்த முறை சிலர் திருமணிமுத்தாற்றில் இறங்கிச் சுத்தம் செய்யலாம் என்கிறார்கள், சிலர் ஏற்காட்டுக் காட்டில் ஏதாவது செய்யலாம் என்கிறார்கள். இதை சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) கணக்கில் காட்ட முடியுமா என்று நிர்வாகம் கேட்கிறது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களால் உண்மையில் உருப்படியாக என்ன செய்ய முடியும்?

ஆர்., சேலம்

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்த 500 கன்றுகளைப் பார்த்துவிடுவோம். நட்டவர்கள் மேல் குற்றமில்லை, நட்ட தேதிதான் தவறு. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினம். கேரளத்தில் பருவமழை இறங்கும் நேரம் அது. சேலத்தில் அப்போது தூறிவிட்டுப் போவதோடு சரி. இங்கே மழைக்குக் கனம் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரைதான். ஜூனில் வைத்த கன்று ஆடிக்காற்று முடியும்வரை காய்ந்துகொண்டே நிற்கும். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை முடியட்டும். குழியில் ஒரு முழத்துக்கு ஈரம் இறங்கியிருக்கிறதா என்று தோண்டிப் பார்த்துவிட்டு நடுங்கள். புரட்டாசிக்குள் நட்டு முடித்தால் ஐப்பசி மழையில் வேர் பிடித்துவிடும்.

பிறகு தண்ணீர். முதல் கோடையில் ஒரு கன்றுக்கு வாரம் 15 லிட்டராவது வேண்டும். 500 கன்றுக்கு 7,500 லிட்டர். தை கடைசியிலிருந்து கோடை மழை வரை 15 வாரம் என்று வைத்தாலும் 1,12,500 லிட்டர் ஆகிறது, அதாவது 6,000 லிட்டர் லாரியில் 19 நடை. கன்று வாங்கும்போதே இந்தப் பத்தொன்பது நடைக்கும் பணம் ஒதுக்கி, ஊற்றுவதற்கு அடிவார ஊரிலேயே ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருந்தால் பாதிக்கு மேல் நின்றிருக்கும். டீ ஷர்ட்டுக்கும் பேனருக்கும் ஆன செலவை இதற்குத் திருப்பலாம்.

இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாது. நாற்றங்காலில் வெகுநாள் பையிலேயே நின்ற கன்றுக்கு, அடியில் வேர் முறுக்குப் பிழிந்ததுபோலச் சுற்றிக்கொண்டு கிடக்கும். பையை மட்டும் உருவிவிட்டு அப்படியே குழியில் வைத்தால், வேர் அந்தச் சுற்றிலேயே சுற்றுமே தவிர ஆழத்துக்குப் போகாது. மேலே இரண்டு தளிர் விடும், கோடையில் கருகும். பிடுங்கிப் பார்த்தால் மண் உருண்டை பை வடிவத்திலேயே கையோடு வரும். பையை பிளேடால் நீளவாக்கில் கிழித்து, அடியில் சுருண்ட வேரை ஒரே வெட்டில் சீவிவிட்டு, உருண்டையின் இரு பக்கமும் மேலிருந்து கீழாக ஒரு செ.மீ. ஆழத்துக்குக் கீறி வையுங்கள். குழி ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். சரிவான இடமென்றால் பாத்திக் கரையைக் கன்றின் கீழ்ப்பக்கம் அரைவட்டமாகப் போடுங்கள், மேலிருந்து ஓடிவரும் தண்ணீர் அதில் நிற்கும். கிழித்த பைகளை எண்ணித் திரும்பக் கொண்டுவாருங்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்ய முடிகிற எண்ணிக்கை 50. நீர்மருது, நாவல், புங்கன், அத்தி, இலுப்பை ஆகியவை ஓடைக்கரைக்கு ஏற்றவை. கரையிலிருந்து மேலே, கல்லும் காய்ச்சலுமான நிலத்துக்கு உசிலை, வேங்கை, வெப்பாலை. சீக்கிரம் வளரும் என்று யாராவது சில்வர் ஓக் கொடுத்தால் வாங்காதீர்கள். காப்பித் தோட்டத்து நிழலுக்கும் மிளகுக்கொடிக்கும் வந்த ஆஸ்திரேலிய மரம் அது, ஓடைக்கரையில் அதற்கு வேலையில்லை.

ஆனால் நடுவதையே உங்கள் முதல் வேலையாக நான் சொல்ல மாட்டேன். அடிவாரச் சரிவுகளில் மரம் முளைக்காமல் இல்லை. பறவை போடும் விதை முளைக்கத்தான் செய்கிறது, முளைத்ததை உண்ணிச்செடி மூடிவிடுகிறது. மஞ்சளும் இளஞ்சிவப்புமாகக் கொத்துப் பூ, நான்கு பட்டைத் தண்டில் கொக்கி முள், இலையைக் கசக்கினால் மூக்கில் ஏறும் வாடை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடி. ஆடுமாட்டுக்கு அது நஞ்சு என்பதால் மேய்ச்சலில் குறையாது. கோடையில் காய்ந்து நின்று, தரையில் போகும் தீயை மரத்தின் கிளைவரை ஏற்றிவிடும்.

இதை அரிவாளால் தரையோடு வெட்டுவதுதான் வழக்கம். வெட்டிய இடத்தில் ஒன்றுக்கு எட்டாகத் தழைக்கும், ஏனென்றால் தண்டும் வேரும் சேரும் கழுத்தில்தான் இதன் உயிர் இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபுவும் அவரது குழுவினரும் சொன்ன முறை இதற்கு எளிய பதில்: கழுத்துக்குக் கீழே, மண்ணுக்குள் மூன்று முதல் ஐந்து செ.மீ. ஆழத்தில் ஆணிவேரை வெட்ட வேண்டும். இதற்கு இரண்டு பேர் போதும். ஒருவர் கவைக்கம்பால் கிளைகளை ஒரு பக்கம் சாய்த்துப் பிடிக்க, மற்றவர் களைக்கொத்தால் அடியைச் சுற்றி மண்ணைத் தள்ளுகிறார். பழுப்பு நிறத்தில் முண்டும் முடிச்சுமாக ஒரு கழுத்துத் தெரியும், அதற்குக் கீழே வேர் சட்டென்று சிறுத்து வழவழப்பாகும். வெட்ட வேண்டியது அந்த வழவழப்பில். முண்டில் ஒரு துண்டு மண்ணில் தங்கினாலும் அடுத்த மழைக்கு அது ஒரு புதர். வெட்டியதும் புதரைத் தலைகீழாக, வேர் வானத்தைப் பார்க்கக் கவிழ்த்துவிடுங்கள். மண் தொடாத வேர் அப்படியே காய்ந்துபோகும்.

காய் பச்சையாக இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். கறுத்துப் பழுத்தபின் உலுக்கினால் நீங்களே விதைத்ததாக ஆகும். பழக்கமில்லாத இருவருக்கு ஒரு காலைப்பொழுதில் பத்துப் புதருக்கு மேல் கணக்குப் போடாதீர்கள். முக்கியமாக, முதல் நாள் செடி தெரிந்த ஊர்க்காரர் ஒருவரை அழைத்துப் போய், உண்ணிக்கு அடியில் ஒளிந்து நிற்கும் களா, சூரை, காரை, உசிலைக் கன்றுகளுக்கெல்லாம் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். மறுநாள் ஆர்வத்தோடு வருபவர் கைக்கு எல்லாமே முள்புதர்தான். முளைத்த காட்டையே வெட்டிவிட்டுத் திரும்புவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு.

வெட்டிய இடத்தில் அடுத்த மழைக்கு உண்ணி நாற்று புல்போல முளைக்கும், பறவைகள் உட்காரும் மரத்தடியில் இன்னும் அதிகமாக. சாண் உயரத்துக்குள், மண் ஈரமாக இருக்கும்போது இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். விட்டுவிட்டால் மறு ஆண்டு மீண்டும் களைக்கொத்து. மூன்று மழைக்காலம் இப்படித் தொடர வேண்டும். வெறுமையான மண்ணில் அந்தச் சரிவிலேயே விளைந்த புல்லின் கதிரை உதிர்த்துவிட்டு வாருங்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது இதற்கும் பொருந்தும்.

இங்கேதான் உங்கள் 140 பேர் கணக்கை மாற்றச் சொல்வேன். ஆளுக்கு இரண்டு நாள் என்றால் மொத்தம் 280 ஆள் நாள். அதை இரண்டு பெருநாளாகச் செலவழிக்காமல், 14 பேர் வீதம் 20 சனிக்கிழமைகளாகப் பிரியுங்கள். ஒரே ஓடை, ஒரே அரை கிலோமீட்டர். அந்த 14 பேரில் மூவர் எப்போதும் அதே மூவராக இருக்கட்டும், அவர்களுக்கு மட்டும் கூடுதல் நாள் கேட்டு வாங்குங்கள். எந்தப் புதரை எப்போது வெட்டினோம், எது தழைத்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும். 140 பேர் ஒரே நாளில் ஒரு சரிவில் ஏறினால் மண் இறுகும், நாற்று மிதிபடும், பாதிப் பேர் களைக்கொத்துக்குக் காத்து நிற்பார்கள்.

திருமணிமுத்தாற்றுக்கு வருகிறேன். சேர்வராயன் மலையில் பிறந்து, சேலத்துக்குள் ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு. நகருக்குள் அதில் ஓடுவது பெரும்பாலும் சாக்கடைதான். அதில் உங்கள் ஆட்களை இறக்காதீர்கள். உடைந்த பாட்டிலும் ஊசியும் எலிக்காய்ச்சலும் இருக்கிற இடம் அது. பெருக்கி அள்ளிய குப்பையும் ஒரு மழைக்கு மேல் தாங்காது, மேலே கொட்டுகிறவர்கள் கொட்டிக்கொண்டிருக்கும் வரை.

ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு ஒரு பலம் உண்டு: பதிவேடு. மலையடிவாரத்திலிருந்து ஊர் எல்லை தாண்டும்வரை உள்ள பாலங்களை வரிசையாக எண் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, மழை பெய்து மூன்று நாளாவது ஆனபின், காலை ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையில் எல்லாப் பாலங்களிலும் தண்ணீர் எடுக்க வேண்டும். கயிறு கட்டிய வாளியைப் பாலத்திலிருந்தே இறக்கலாம், ஆற்றில் கால் வைக்க வேண்டியதில்லை. ரப்பர் கையுறை கட்டாயம். வாளியை அந்தத் தண்ணீரிலேயே மூன்று முறை அலசிவிட்டு நான்காவது வாளியில் அளவெடுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர், அமில காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் தாள், வெப்பமானி, ஒரே கோணத்தில் ஒரு புகைப்படம், நிறமும் நாற்றமும் குறித்த ஒரு வரி.

ஓர் எண்ணை மட்டும் தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நான்காம் பாலத்தில் 900 காட்டிய மீட்டர் ஐந்தாம் பாலத்தில் 2,400 காட்டினால், நடுவில் ஏதோ ஒன்று கலக்கிறது என்று அர்த்தம். சாயப்பட்டறைக் கழிவில் உப்பு அதிகம் என்பதால் டிடிஎஸ் அதை உடனே காட்டிக்கொடுக்கும். மலக்கிருமியை அது காட்டாது, அதற்கு ஆய்வகம்தான். மீட்டரை மாதாமாதம், அளவு முன்பே தெரிந்த திரவத்தில் சரிபார்க்க வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதப் பதிவையும் ஒரே கேள்வியில் தள்ளிவிடுவார்கள். தேதி, நேரம், பாலத்தின் எண், படம் எல்லாம் சேர்ந்த பன்னிரண்டு மாத அட்டவணையை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும் மாநகராட்சியிலும் கொடுங்கள். ஒப்புகை முத்திரை இல்லாமல் எந்த மனுவையும் விட்டுவிட்டு வராதீர்கள்.

குப்பை அள்ளியே ஆக வேண்டும் என்றால் நகருக்கு மேலே, ஓடை இன்னும் ஓடையாக இருக்கும் இடத்தில், மழைக்கு முன் வறண்ட படுகையில் செய்யுங்கள். மாநகராட்சி அல்லது ஊராட்சி வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பதை உறுதி செய்தபிறகே முதல் சாக்கைத் திறக்க வேண்டும். கரையில் இரவு தங்கிய சாக்கை நாய் கிழிக்கும், மழை பழைய இடத்துக்கே கொண்டுபோகும். கண்ணாடியைத் தனிச் சாக்கில் கால்வாசிக்கு மேல் நிரப்பக் கூடாது. தூக்குபவர் தொடையைக் கிழிப்பது அந்தச் சாக்குதான்.

சேலத்துக்காரர்கள் தண்ணீருக்காகக் கூடினால் என்ன நடக்கும் என்பதற்குக் கன்னங்குறிச்சி மூக்கனேரி இருக்கிறது. 2010-ல் சேலம் மக்கள் குழு அதைத் தூர் வாரியபோது, வாரிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். இன்று அவை பறவைகளின் இடம். ஒரு காலை அங்கே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிஎஸ்ஆர் கேள்விக்கு: 2013 கம்பெனிகள் சட்டம் 135-ஆம் பிரிவின்படி லாபத்தில் சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டிய 2 சதவீதத்தில் ஊழியர்களின் நேரத்தை ரூபாயாக்கிக் காட்ட முடியாது என்று மத்திய அரசு விளக்கமளித்திருக்கிறது. ஒருநாள் நிகழ்ச்சிகளும் அதில் சேராது. பல ஆண்டுத் திட்டமாக எழுதி, தண்ணீர் லாரி, ஊற்றும் ஊர்க்காரர் சம்பளம், கருவிகள் என்று செலவிட்டால் அதைத் திட்டச் செலவாகக் காட்ட வழியிருக்கிறது. உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. மாசி முதல் கோடை மழை வரை காட்டுக்குள் போகவே வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஏற்காட்டுப் பக்கம் காட்டெருமை உண்டு, காலை எட்டுக்கு முன்னும் மாலை நாலுக்குப் பின்னும் சரிவில் யாரும் இருக்கக் கூடாது. கணுக்கால் மூடிய பூட்ஸ், முழுக்கைச் சட்டை, தோல் கையுறை. சென்ட் போட்டு வரக் கூடாது, தேனீக்கு ஆகாது. புதருக்குள் கம்பு போன பிறகுதான் கை போக வேண்டும். விரியன் கடித்தால் கட்டுப் போடவோ கீறவோ கூடாது. ஆளை நடக்கவிடாமல் 108-ல் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். புதர் வேலைக்குப் போய்வந்து மூன்று வாரத்துக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், புதரில் வேலை செய்ததை மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். சிற்றுண்ணி (மைட்) என்ற சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலாக இருக்கலாம். உடம்பில் எங்காவது சிகரெட் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே தீரும்.

காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். அதனால் இப்போதே மாவட்ட வன அலுவலருக்கு எழுதுங்கள்: எந்தச் சரகம், எந்த ஓடை, ஒரு முறைக்கு எத்தனை பேர், என்ன கருவி, எந்தெந்தச் சனிக்கிழமை, மூன்று ஆண்டுக்கும் யார் பொறுப்பு. பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். அடிவாரத்துப் பட்டா நிலத்திலும் காப்பித் தோட்டங்களிலும் ஓடும் ஓடைகளில் உரிமையாளர் சம்மதம் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். முதல் சனிக்கிழமை நால்வர் போனால் போதும். கருவி எதுவும் வேண்டாம், ஒரு கட்டு சிவப்புத் துணியும் ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு, ஆடு மேய்க்கும் ஊர்க்காரர் ஒருவரோடு ஓடையை மேலிருந்து கீழ்வரை நடந்து வாருங்கள். போகும்போது சென்ற ஆண்டு நட்டதில் பிழைத்த அந்த முப்பதுக்கும் ஒவ்வொரு துணி கட்டிவிடுங்கள்.