வாங்குமுன் கேளுங்கள்: பாவித்த ஐரோப்பியக் கார்கள்

2020 பங்குனியில் நின்ற வாகன இறக்குமதி 2025 மாசியில் தனியார் கார்களுக்குத் திரும்பவும் திறந்தது. புதியதின் விலை கேட்டுத் திகைத்தவர்கள் பாவித்த பி.எம்.டபிள்யூ, பென்ஸ், அவுடி பக்கம் திரும்பியிருக்கிறார்கள் என்பது வந்த கடிதங்களில் தெரிகிறது. இந்தக் கிழமை அவை மட்டும்.

கேள்வி: 2012 பி.எம்.டபிள்யூ 320டி ஒன்றும் 2016 318ஐ ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். டீசல் விலை குறைவு, இழுவையும் கூட. மாதம் இரண்டு தரம் கொழும்பு போவேன். மற்ற நாட்களில் ரவுணுக்குள் ஓட்டம்தான். எது? (வவுனியா)

பதில்: 318ஐ. காரணத்தையும் சொல்கிறேன், டீசல்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

அந்த 320டியில் இருப்பது என்47 என்ற எஞ்சின். வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் அதன் ரைமிங் செயின் முன்பக்கத்தில் இல்லை, கியர்பொக்ஸோடு ஒட்டிய பின்பக்கத்தில் இருக்கிறது. செயினோ அதன் பிளாஸ்ரிக் வழிகாட்டியோ தேய்ந்தால் எஞ்சினையோ கியர்பொக்ஸையோ இறக்காமல் கை வைக்க முடியாது. 2007 முதல் 2011 வரை வந்தவற்றில்தான் இந்தப் பழுது அதிகம். பிறகு வந்தவை மேல், ஆனால் முற்றாகத் தப்பியவை அல்ல. பொனற்றைத் திறந்து எஞ்சினின் பின்பக்கம் காதைக் கொடுத்து, ஒருவரை 1500 முதல் 2000 சுற்று வரை மெதுவாக ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். இரும்பு உரசும் ஒலி கேட்டால் பேரமே பேச வேண்டாம்.

இரண்டாவது, புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப் வடிகட்டி. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய இருபது நிமிடமாவது நிற்காமல் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். ஏ9 வீதியில் ஓமந்தை தாண்டினால் அந்த ஓட்டம் கிடைக்கும், வவுனியா ரவுணுக்குள் கிடைக்காது. சாதாரண ஓட்டோ டீசலில் கந்தகம் கூட என்பதால் அடைப்பு இன்னும் விரைவாக வரும். சுப்பர் டீசலே அடிக்க வேண்டும், அது எல்லா எரிபொருள் செட்டிலும் இருப்பதில்லை. சிலர் வடிகட்டியின் உள்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு விற்கிறார்கள், அதையும் அடியில் படுத்துப் பாருங்கள். இந்த வகை டீசல்களில், எஞ்சினுக்குத் திரும்பும் புகையைக் குளிர்விக்கும் ஈ.ஜி.ஆர் கூலர் கசிந்து தீப்பிடிக்கலாம் என்று 2018இல் பல நாடுகளில் கம்பனியே வண்டிகளைத் திருப்பி அழைத்தது. அது மாற்றப்பட்டதற்கு எழுத்தில் சான்று கேளுங்கள்.

318ஐயில் 1.5 லீற்றர், மூன்று சிலிண்டர், 136 குதிரைவலு. எஞ்சின் கொள்ளளவைப் பார்த்தே நம் நாட்டில் வரி என்பதால் சந்தையிலும் இது தாராளம். ஒயில் பில்ரர் இருக்கும் கூட்டின் கஸ்கற் கசிகிறதா, கூலன்ற் குறைகிறதா என்று பாருங்கள். உங்கள் ஓட்டத்துக்கு இது போதும்.

கேள்வி: பி.எம்.டபிள்யூ எம்3, பென்ஸ் சி63 இரண்டில் எது வேகம்? (மாங்குளம்)

பதில்: ஏ9இல் ஊருக்கு வெளியே காருக்குச் சட்ட எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர், ஊர்மனைக்குள் 50. இரண்டும் வேண்டாம்.

கேள்வி: மூன்று மாதத்துக்கு முன் பென்ஸ் சி200 கொம்பிரசர் ஒன்றை முழுக்காசும் கொடுத்து எடுத்தோம். காலையில் ஸ்ராட் பண்ணினால் இரண்டு செக்கன் கடகடவென்று சத்தம். கராஜில் செயின் என்கிறார்கள். விற்றவர் போன் எடுப்பதில்லை. சீட்டுக் காசும் நகை அடகு வைத்த காசும் போட்டு வாங்கியது, ஐயா. (முல்லைத்தீவு)

பதில்: தங்கச்சி, முதலில் அந்த வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள். அது எம்271 எஞ்சின். செயின் நீளும், வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கம் அட்ஜஸ்ரர் பற்சக்கரங்களின் பல்லும் தேயும். செயின் பல் தாண்டினால் வால்வு பிஸ்டனில் அடித்து எஞ்சின் முழுவதும் போய்விடும். இப்போது நிறுத்தினால் செலவு செயினோடும் சக்கரங்களோடும் முடியலாம்.

வால்வு மூடியைக் கழற்றி, எஞ்சினை மேல்நிலைக் குறிக்குத் திருப்பி, இரண்டு கம் சாஃப்ற்றின் குறிகளும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்று படம் எடுக்கச் சொல்லுங்கள். செயினை மட்டும் மாற்றினால் போதும் என்று சொல்பவரிடம் விடாதீர்கள். தேய்ந்த பல்லில் ஓடினால் புதிய செயினும் கெடும், இரண்டு அட்ஜஸ்ரரும் செயினை இறுக்கி வைக்கும் ரென்சனரும் சேர்த்தே மாற வேண்டும். புதிய செயினைப் பழைய செயினில் கொளுவி மேலாலேயே உருட்டி இழுக்கலாம், எஞ்சின் இறக்கத் தேவையில்லை. முன்பக்கத்தில் கம் அட்ஜஸ்ரர் காந்தங்களின் வயர் முனையையும் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒயில் இருந்தால் அது வயருக்குள்ளாலேயே ஏறி எஞ்சின் கணினி வரை போகும். காந்தம் மலிவு, கணினி அப்படி இல்லை.

இனி காசு. விற்றவர் வாகன விற்பனை நிலையக்காரர் என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கிய மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும், அதனால் இன்றைக்கே எழுதுங்கள். உடனடித் தொலைபேசி 1977. விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப் பேச்சு, பணம் போன வங்கிச் சீட்டு, கராஜ்காரர் கையெழுத்திட்ட அறிக்கை எல்லாவற்றிலும் இரண்டு பிரதி வையுங்கள். விற்றவர் தனியாள் என்றால் அந்த அதிகாரசபை உதவாது. சட்டத்தரணி மூலம் கடிதம் அனுப்புங்கள். பழுது தெரிந்தே மறைத்தார் என்று காட்ட முடிந்தால் உங்கள் பக்கம் வலு உண்டு. பிழை உங்களுடையது அல்ல.

கேள்வி: ஃபேஸ்புக்கில் பார்த்த அவுடிக்கு அட்வான்ஸ் போட்டுவிட்டேன். வண்டி குருநாகலில். இன்னும் நேரில் பார்க்கவில்லை. கவனிக்க வேண்டியவை எவை? (செட்டிகுளம்)

பதில்: கவனிக்க வேண்டியதை அட்வான்ஸ் போடுமுன் கேட்டிருக்க வேண்டும். நாளைக்கே போய், கொடுத்த தொகைக்கு ரசீது வாங்குங்கள். "பரிசோதனையில் குறை இருந்தால் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும்" என்று அதில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுத மறுத்தால் அங்கேயே திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: 2012 பி.எம்.டபிள்யூ, மீற்றரில் 48,000 கிலோமீற்றர்தான். டொக்டர் ஒருவர் பாவித்ததாம். நம்பலாமா? (பரந்தன்)

பதில்: நம்ப வேண்டாம், சோதியுங்கள். இந்த மீற்றர் திருப்பும் வேலையைப் பற்றி எத்தனை தரம் எழுதினாலும் எனக்கு ஆறவில்லை.

விலையில் ஏமாற்றுவது அதன் ஒரு பாதிதான். பெரிய கேடு வேறு. ஒயில், செயின், கியர்பொக்ஸ், கூலன்ற் பம்ப் எல்லாவற்றுக்கும் நாள் குறிப்பது மீற்றர். உதாரணமாக, இந்த வண்டிகளில் வரும் எட்டு வேக இசற்.எஃப் கியர்பொக்ஸுக்கு "ஆயுள் முழுக்க ஒயில்" என்று கார்க் கம்பனி எழுதியிருக்கும். கியர்பொக்ஸைச் செய்த இசற்.எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீற்றருக்குள் மாற்றச் சொல்கிறது. உண்மையில் 1,40,000 ஓடிய வண்டியை 48,000 என்று வாங்கினவர் இன்னும் காலம் இருக்கிறது என்று நிம்மதியாக ஓட்டுவார். கியர்பொக்ஸ் போன பிறகு விற்றவன் "நீங்கள் வடிவாகப் பார்க்கவில்லை" என்பான். மீற்றரைத் திருப்பினவன் அடுத்த ஐந்து வருசத்துப் பராமரிப்பையும் திருடுகிறான். இதைச் சின்னக் கள்ளம் என்று சிரித்துவிட்டுப் போகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது.

எப்படிப் பிடிப்பது? ஓடிய தூரம் டாஷ்போர்ட்டில் மட்டும் எழுதப்படுவதில்லை, சாவி பேசும் கணினியிலும் இருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் பல மொடல்களில் மீற்றர் ஓரத்தில் ஒரு புள்ளி எரியும். கெட்டிக்காரக் கள்ளர் இரண்டையும் மாற்றிவிடுவார்கள். அவர்கள் அநேகமாக மறப்பது பழுதுப் பதிவுகளை. பி.எம்.டபிள்யூ கணினி ஒவ்வொரு பழுதையும் அது நடந்த கிலோமீற்றரோடு சேர்த்து எழுதி வைக்கும். 48,000 காட்டும் வண்டியில் 1,12,000இல் பதிந்த பிரேக் பழுது ஒன்று கிடந்தால் விசயம் முடிந்தது. அதனால் ஒரு பழுதும் இல்லாமல் முதல்நாள்தான் அழித்த நினைவகமும் சந்தேகத்துக்கு உரியது. எந்த வண்டிக்கும் பொருந்துகிற மலிவு ஸ்கானர் எஞ்சினை மட்டுமே வாசிக்கும், எல்லாக் கணினியையும் வாசிக்கும் கருவி உள்ளவரைக் கூட்டிப் போங்கள்.

யப்பானிலிருந்து வந்தது என்றால் ஏல அறிக்கையும் ஏற்றுமதிச் சான்றிதழும் கேளுங்கள், சான்றிதழில் மீற்றர் எண் இருக்கும். இங்கிலாந்திலிருந்து வந்தது என்றால் அந்நாட்டுப் பழைய இலக்கத்தைக் கேளுங்கள். அங்குள்ள அரச இணையத்தளத்தில் எம்.ஓ.ரி எனும் வருடாந்த வாகனப் பரிசோதனை ஒவ்வொன்றிலும் இருந்த மீற்றர் எண்ணை இலவசமாகப் பார்க்கலாம். கடைசியாகக் கண்ணால் பார்ப்பது: சாரதி இருக்கையின் வலது விளிம்புத் தோல், ஸ்ரியரிங்கின் மேற்பகுதி, பிரேக் மிதியின் ரப்பர், ஸ்ராட் பொத்தானின் எழுத்து. இவை நாலும் தேய்ந்திருந்தால் டொக்டர் கதை வேண்டாம்.

கேள்வி: வழியில் நின்ற 320ஐயை ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் வரை ட்ரக்டரில் கட்டி இழுத்து வந்தோம். இப்போது டி போட்டால் தயங்கித்தான் நகர்கிறது. (ஒட்டுசுட்டான்)

பதில்: அப்படி இழுக்கக் கூடாது என்று வண்டியோடு வந்த கையேட்டிலேயே இருக்கிறது. ஓட்டோ கியர்பொக்ஸின் ஒயில் பம்பை எஞ்சின்தான் சுழற்றும். எஞ்சின் நின்றிருக்கப் பின்சில்லு உருண்டால் உள்ளே எல்லாம் ஒயில் இல்லாமல் உரசும். இனி ஸ்ராட் பண்ணாமல் ஒயிலை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கியர்பொக்ஸின் அடித்தட்டில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை வழமை. மினுங்கும் துகள் இருந்தால் கியர்பொக்ஸைப் பிரிக்க வேண்டும். துகள் இல்லை என்றால் தட்டை மாற்றிப் புதிய ஒயில் விடலாம். பில்ரர் அந்தப் பிளாஸ்ரிக் தட்டோடு சேர்ந்தே வரும். மட்டம் பார்ப்பது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கியர்பொக்ஸ் ஒயில் 30 முதல் 50 பாகைக்குள் இருக்கும்போது. அடுத்த முறை நாலு சில்லும் நிலத்தில் படாமல் ஏற்றிப் போங்கள்.

கேள்வி: றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடலாமா? கூலன்ற் விலை கூட. (நெடுங்கேணி)

பதில்: விடக் கூடாது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பைப் பாருங்கள், அதேதான் எஞ்சின் தலைக்குள்ளும் படியும். சூட்டில் முறியும் பிளாஸ்ரிக் குழாயும் மின்சாரப் பம்பும் உள்ள இந்த வண்டிகளுக்கு அது நஞ்சு. காய்ச்சி வடித்த தண்ணீரும் கம்பனி சொன்ன வகைக் கூலன்றும் சரிபாதி. நிறத்தைப் பார்த்து வாங்காமல் போத்தலில் உள்ள அங்கீகார எண்ணைப் பாருங்கள். குறைந்தால் கசிவைத் தேடுங்கள், தண்ணீரால் நிரப்பி மறைக்காதீர்கள்.

கேள்வி: என் பி.எம்.டபிள்யூ 3 சீரிஸின் 18 அங்குலச் சில்லில் ஆறு மாதத்துக்குள் இரண்டு ரயர் வீங்கிவிட்டது. (புதுக்குடியிருப்பு)

பதில்: உங்கள் 225/45 ஆர்18 ரயரின் பக்கச் சுவர் 101 மில்லிமீற்றர். 3 சீரிஸின் சிறிய எஞ்சின் மொடல்களுக்குக் கம்பனியே கொடுத்த 205/60 ஆர்16இல் அது 123. உள்வீதிக் குழிகளுக்கு அந்த 22 மில்லிமீற்றர்தான் காவல். 16க்கு இறங்குங்கள். ரன்ஃபிளற் ரயர் காற்றுப் போன பின்னும் 80 கிலோமீற்றர் வேகத்துக்குள் ஏறக்குறைய 80 கிலோமீற்றர் ஓடும் என்பதற்காகவே இவற்றில் மேலதிகச் சில்லு தருவதில்லை. சாதாரண ரயருக்கு மாறினால் சிறு காற்றுப் பம்பும் ஒட்டும் பெட்டியும் டிக்கியில் இருக்கட்டும். ரயரில் கடைசி நாலு இலக்கத்தை வாசியுங்கள், 2319 என்றால் 2019இன் 23ஆவது கிழமை. அதை வாசிக்காமல் "புதுசு" என்ற சொல்லை நம்பி நான் வாங்கிய நாலும் ஐந்து வருசம் பழையவை. விற்றவர் திருப்பி எடுக்கவில்லை.

கேள்வி: அவுடி ஏ4, 2010, 1.8 ரேர்போ. அல்லது அவுடி ஏ3 1.4. இரண்டில் எது தலைவலி குறைவு? (மன்னார்)

பதில்: அந்த வருசத்து ஏ4 பிஸ்டன் வளையம் காரணமாக ஒயில் குடிக்கும், செயின் ரென்சனரும் பலவீனம். மட்டத்தை நிரப்பி 1000 கிலோமீற்றர் ஓட விட்டு அளக்க வேண்டும். அரை லீற்றருக்கு மேல் குறைந்தால் விடுங்கள். ஏ3இல் உலர் கிளச் ஏழு வேகக் கியர்பொக்ஸ் வந்தால் வெக்கையில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது நடுங்கும், அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதாகும். அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு, மேட்டில் நிறுத்தி நிறுத்தி எடுத்துப் பாருங்கள். நடுக்கம் இல்லாத, ரசீதுகள் உள்ள ஏ3 கிடைத்தால் அதை எடுங்கள்.

கேள்வி: சுவிஸில் இருக்கும் மாமா தன்னுடைய 5 சீரிஸ் மூன்று லட்சம் ஓடியும் ஒன்றும் ஆகவில்லை என்கிறார். அதே மொடலை இங்கே எடுக்கலாம்தானே? (கிளிநொச்சி)

பதில்: மாமா பொய் சொல்லவில்லை. அங்கே குளிர், நல்ல எரிபொருள், நேரத்துக்குச் சேவிஸ், நீண்ட ஒரே சீரான ஓட்டம். இங்கே வெக்கை, தூசி, எல்லா உதிரிப்பாகத்துக்கும் கொழும்பு. மாமாவிடம் ஒரு உதவி கேளுங்கள்: நீங்கள் பார்த்த வண்டியின் 17 இலக்கச் சட்டக எண்ணைக் கொடுத்தால் அங்குள்ள முகவர் உற்பத்தித் திகதியையும் எந்தெந்தப் பொருட்களோடு வந்தது என்பதையும் பார்த்துச் சொல்வார். எம் ஸ்போர்ட் (கம்பனியின் விளையாட்டுத் தோற்றப் பொதி) என்று விற்றால் பட்டியலில் 337 என்ற குறி இருக்க வேண்டும். இல்லையென்றால் பட்ஜ் ஒட்டியது.

கேள்வி: ஓப்பன் பேப்பரில் (வாங்குபவர் பெயர் எழுதாமல் கையெழுத்திட்ட மாற்றப் படிவத்தில்) வருகிறது, பிறகு மாற்றலாம் என்கிறார் புறோக்கர். (ஓமந்தை)

பதில்: வேண்டாம். பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவர் நேரில் வந்து கையெழுத்து வைக்கட்டும், மாற்றத்தை 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குக் கொடுங்கள். லீசிங் கம்பனியின் பெயர் புத்தகத்தில் இருந்தால் கடன் முடிந்த கடிதத்தை அவர்களிடமே போய் உறுதிப்படுத்துங்கள்.

கேள்வி: வெள்ளத்தில் நின்ற கார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (கனகராயன்குளம்)

பதில்: 2018 மார்கழியில் இரணைமடு நிரம்பிப் பாய்ந்தபோது நனைந்தவையும் கழுவப்பட்டுச் சந்தைக்கு வந்திருக்கலாம். இருக்கைப் பட்டியை முடிவு வரை இழுங்கள், கடைசி அடியில் சேற்றுக் கோடு தெரியும். இருக்கைத் தண்டவாளத் திருகாணியில் துரு, கம்பளத்தின் அடியில் ஈரம், டிக்கியில் பற்றரி இருக்கும் குழியில் வண்டல் பாருங்கள். பல பி.எம்.டபிள்யூகளில் அந்தக் குழிப்பக்கம்தான் கணினிப் பெட்டிகளும் உண்டு. அங்கே வண்டல் கண்டால் விலையை எவ்வளவு குறைத்தாலும் எடுக்காதீர்கள்.